அமரில்லிஸா, ஹிப்பியாஸ்ட்ரமா? தென்னமெரிக்கக் கிழங்குப் பூக்களின் பெயரும் பிறப்பிடமும்

கொடைத்தோட்டம்:

வணக்கம். கொடைக்கானலில் எங்கள் வீட்டுப் படிக்கட்டு ஓரத்தில் என் மாமியார் காலத்திலிருந்தே ஒரு கிழங்குச் செடி இருக்கிறது. பங்குனி பிறந்தால் தடித்த தண்டு ஒன்று எழும்பி உச்சியில் நான்கைந்து பூக்கள் விரியும். நல்ல சிவப்பு, ஒவ்வொரு இதழின் நடுவிலும் வெள்ளைக் கோடு. இதே போன்ற ஒன்றைச் சென்ற ஆண்டு நர்சரியில் வாங்கினேன். சீட்டில் 'அமரில்லிஸ்' என்று எழுதியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் தங்கை 'ஹிப்பியாஸ்ட்ரம்' என்கிறாள்.

அதோடு இன்னொன்று. மழை லில்லிகளில் இளஞ்சிவப்பாகச் சாய்ந்து பூக்கும் ஒன்றை 'ஹாப்ரான்தஸ் ரோபஸ்டஸ்' என்று பத்து வருடங்களாகச் சொல்லி வருகிறேன். இப்போது அதையும் செபிராந்தஸ் என்று மாற்றிவிட்டார்களாம். தகரத் துண்டில் ஆணியால் பெயர் பொறித்துத் தொட்டியில் குத்தி வைப்பது என் வழக்கம். ஒரு முறை பொறித்தால் அழிக்க முடியாது. எந்தப் பெயரைப் பொறிப்பது? இவை எல்லாம் எங்கிருந்து வந்தவை?

பாளைமலர்:

அம்மா, முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பூ வாடிய தண்டு ஒன்றை அடியில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பப்பாளி இலைக்காம்பு போல உள்ளே புழையாக இருந்தால் அது தென்னமெரிக்கச் செடி. சதை நிறைந்து கெட்டியாக இருந்தால் தென்னாப்பிரிக்கச் செடி. விதையும் வேறுபடும். தென்னாப்பிரிக்காவின் அமரில்லிஸ் பெல்லடோனா பட்டாணி போல உருண்ட, சதைப்பற்றுள்ள விதை தரும். அதைக் காய வைத்தால் செத்துவிடும். தென்னமெரிக்கச் செடியின் விதை கருப்பாக, தாள் போலத் தட்டையாக இருக்கும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்துவிட்டால் பெயர்ச் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

சண்டை தொடங்கிய இடம் லின்னேயஸ், செடிகளுக்கு இருசொல் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு அறிஞர். 1753இல் அவர் 'அமரில்லிஸ்' என்ற ஒரே கூடையில் பல நாட்டுச் செடிகளைப் போட்டார். மெக்சிகோவின் செடி ஒன்று, வட அமெரிக்க மழை லில்லி ஒன்று, இன்று நெரைன் என்று சொல்லும் தென்னாப்பிரிக்கச் செடி ஒன்று, மத்தியதரைக் கடற்கரை நாடுகளின் மஞ்சள் பூ ஒன்று, எல்லாம் அதில் இருந்தன. அவற்றோடு 'அமரில்லிஸ் பெல்லடோனா' என்றும் ஒன்று. அந்தப் பெயரால் அவர் சொன்னது தென்னாப்பிரிக்கச் செடியையா, தென்னமெரிக்கச் செடியையா என்பதுதான் குழப்பம். அவர் எடுத்துக்காட்டிய பழைய குறிப்புகள் இரண்டு கண்டத்துச் செடிகளையும் கலந்து பேசின.

வில்லியம் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1821இல் அமெரிக்கச் செடிகளைத் தனியாகப் பிரித்து ஹிப்பியாஸ்ட்ரம் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் குதிரைவீரனின் விண்மீன் என்று பொருள். செபிராந்தஸ் என்ற பெயரும் அதே ஆண்டு அவர் வைத்ததுதான். ஹாப்ரான்தஸும் அவருடையதே, 1824. இந்தக் கூட்டத்தை வெறும் உலர்ந்த மாதிரிகளைப் பார்த்து அவர் பிரிக்கவில்லை. தம் தோட்டத்தில் வளர்த்து, ஒன்றோடொன்று கலந்து, எது எதோடு விதை பிடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து எழுதியவர்.

நூறு வருடத்துக்கு மேல் அமைதியாகப் போன விஷயத்தை 1938இல் ஊஃபோஃப் என்பவர் கிளப்பினார்: லின்னேயஸின் பெல்லடோனா அமெரிக்கச் செடியே, ஆகையால் அமரில்லிஸ் என்ற பெயர் அமெரிக்கச் செடிகளுக்கே உரியது. அமெரிக்காவில் ஹாமில்டன் டிராப் இந்தக் கட்சியைப் பல பத்தாண்டுகள் விடாமல் தூக்கிப் பிடித்தார். 1939இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தின் சீலி மறுத்து எழுதினார். இறுதியாக 1987இல் பெர்லினில் கூடிய உலகத் தாவரவியல் மாநாடு, அமரில்லிஸ் தென்னாப்பிரிக்கச் செடிக்கே என்று முடிவு செய்தது. ஆக, நர்சரிச் சீட்டில் இருப்பது வணிகப் பெயர். உங்கள் தங்கை சொல்வதுதான் தாவரவியல் பெயர்.

படிக்கட்டு ஓரத்துச் செடியைப் பற்றி நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஜான்சோனி என்ற கலப்பினத்தைப் போல இருக்கிறது. இங்கிலாந்தில் லங்காஷயரின் பிரெஸ்காட்டில் ஆர்தர் ஜான்சன் என்ற கடிகாரக்காரர் 1799 வாக்கில் ரெஜினே, விட்டாட்டம் என்ற இரண்டு சிற்றினங்களைக் கலந்து உண்டாக்கியது. ஹிப்பியாஸ்ட்ரத்தில் முதலில் பிறந்த கலப்பினம் அது.

கொடைத்தோட்டம்:

ஐயா, மிக்க நன்றி. காலையில் வெட்டிப் பார்த்தேன். விரல் பருமனில் வட்டமான புழை. ஓரத்தில் மெல்லிய சதைச் சுவர், உள்ளே ஈரமாக வழவழப்பு. சிறு குழாய்தான். என் பேரன் வாயில் வைத்து ஊதப் போனான். சாறு நஞ்சு என்று சொல்லிப் பிடுங்கிவிட்டேன். புதிதாக வாங்கியதன் தண்டும் அப்படியே. இரண்டுமே ஹிப்பியாஸ்ட்ரம் என்று பொறித்துவிடலாம் அல்லவா?

ஒரு சந்தேகம். பெயர்ச் சண்டை ஐம்பது வருடம் நடந்ததால் என்ன நட்டம்? பூ அதே பூதானே?

நீலமலை:

அக்கா, நட்டம் இருக்கிறது. என்னிடம் ஹிப்பியாஸ்ட்ரம் பப்பிலியோ மூன்று கிழங்குகள் இருக்கின்றன. பட்டாம்பூச்சி என்று பொருள்படும் பெயர். பக்கவாட்டில் நசுங்கிய பூ. பச்சை கலந்த வெண்மையில், மேல் இதழ்களில் உறைந்த இரத்த நிறத்தில் தீற்றல்கள். தென் பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் மரக்கிளை மேல் வளரும் செடி. 1970இல் பாப்லோ ரவென்னா இதை முதன்முதலில் விவரித்தபோது 'அமரில்லிஸ் பப்பிலியோ' என்றுதான் பெயரிட்டார். டிராப் கட்சியின் செல்வாக்கு அப்படி. ஹிப்பியாஸ்ட்ரம் என்று முறையாக மாறியது 1997இல். ஒரே செடியைப் பழைய நூல்களில் ஒரு பெயரிலும் புதிய நூல்களில் இன்னொரு பெயரிலும் தேட வேண்டியிருக்கிறது. காட்டில் எங்கே எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் இரண்டு பெயர்களின் கீழ் சிதறிக் கிடக்கும்.

பெயரைவிட இடம்தான் எனக்கு வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. முதல் கிழங்கைச் சாதாரண ஹிப்பியாஸ்ட்ரம் போலத் தோட்ட மண்ணில் நட்டு, குளிர்காலத்தில் நீரை நிறுத்தினேன். வேர் அழுகிவிட்டது. மரத்தின் மேல் வளர்வது என்று தெரிந்த பிறகு தேங்காய் மட்டைத் துண்டும் கரித்துண்டும் கலந்த கலவையில் வைத்தேன். ஆண்டு முழுவதும் இலை உதிர்வதே இல்லை. பொலிவிய மலைச்சரிவிலிருந்து வந்த சிற்றினங்களோ குளிரில் இலை உதிர்த்து, காய்ந்த மண்ணில் உறங்க வேண்டும்.

பாளைமலர்:

நீலமலை சொன்னது சரி. ஹிப்பியாஸ்ட்ரத்தில் நூறை ஒட்டிய சிற்றினங்கள் உள்ளன. வரைபடத்தில் புள்ளி வைத்தால் இரண்டு இடங்களில் குவியும். ஒன்று கிழக்கு பிரேசில். அங்கே அட்லாண்டிக் கரையோரக் காடும் உள்நாட்டு மேட்டுநிலமும் சேர்கின்றன. மற்றொன்று பெரு, பொலிவியா, வட அர்ஜென்டினா வரை நீளும் ஆண்டிஸின் கிழக்குச் சரிவு. இரண்டுக்கும் பொதுவாக எங்கும் பரவியது பூனிசியம் என்ற ஆரஞ்சுச் சிவப்பு. கரீபியன் தீவுகள் முதல் பொலிவியா வரை கிடைக்கிறது. மனிதன் கையால் நம் நாட்டுக்கும் வந்து வேலியோரங்களில் தானாகவே பெருகுகிறது.

கடைகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் அகன்ற பெரிய பூக்களுக்கு ஆண்டிஸ் பக்கத்து இரத்தம் முக்கியம். லியோபோல்டி, பார்டினம் என்ற இரண்டையும் 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் இங்கிலாந்தின் வீச் நர்சரிக்காகச் சேகரித்து அனுப்பினார். அதுவரை புனல் போல ஒடுங்கியிருந்த கலப்பினங்கள் அதன் பிறகுதான் தட்டு போல விரிந்தன.

வடமராட்சி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். லின்னேயஸின் கூடையில் எங்கள் நாட்டின் பெயரும் இருக்கிறது. 'அமரில்லிஸ் செய்லானிகா' என்று 1753இல் அவர் எழுதியது இன்று கிரைனம் செய்லானிகம். வெள்ளை இதழில் ஊதாச் சிவப்புப் பட்டை. விஷமூங்கிலுக்குப் பங்காளி. இலங்கையும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் ஒரே பெயரில் அடைபட்டிருந்த காலம் அது. பிரித்தது நல்லதே.

மழைத்துளி:

பிரித்தது நல்லது என்றால் இப்போது மீண்டும் சேர்த்தது எப்படி நல்லதாகும்? எனக்கு உண்மையாகவே கோபம் இருக்கிறது. கோயம்புத்தூரில் பதினைந்து வருடங்களாக மழை லில்லி வளர்க்கிறேன். ஹாப்ரான்தஸையும் செபிராந்தஸையும் நான் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பேன். செபிராந்தஸ் பூ நிமிர்ந்து வானம் பார்க்கும். ஆறு இதழும் ஒரே சீர். ஹாப்ரான்தஸ் ஒரு பக்கமாகச் சாயும்; மகரந்தத்தாள்கள் நான்கு வேறு நீளங்களில், கீழ்ப்பக்கம் வளைந்து நிற்கும். ஹெர்பர்ட் இருநூறு வருடங்களுக்கு முன்னால் கண்டுபிடித்த வேறுபாடு இது. அதை அழித்துவிட்டு, சிலிப் பக்கத்து ரோடோஃபியாலாவில் பெரும்பகுதியையும், மெக்சிகோவின் ஸ்ப்ரெக்கீலியாவையும், எல்லாவற்றையும் செபிராந்தஸ் என்கிறார்கள். லின்னேயஸின் கூடை திரும்பி வந்துவிட்டது.

என் சொந்த நட்டத்தைச் சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருவரிடமிருந்து 'செபிராந்தஸ் பாக்னோல்டி' விதை வாங்கினேன். சீட்டில் வேறு ஒரு சொல் இல்லை. செபிராந்தஸ்தானே என்று வெள்ளை மழை லில்லிக்குச் செய்வது போலவே செய்தேன்: ஈரமான மண், நல்ல வெயில், ஆடி மழையில் நனையவிடுவது. மார்கழியில் முளைத்த நாற்றுகள் புல் போல அழகாக வந்தன. சித்திரையில் இலை காய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். ஆவணியில் மண்ணைக் கிளறினால் மிளகு அளவுக் கிழங்குகள் எல்லாம் கூழாக இருந்தன. பிறகுதான் தெரிந்தது, அது சிலியின் அட்டகாமாப் பாலைவனத்து மஞ்சள் பூ. முன்பு ரோடோஃபியாலா என்றிருந்த பெயர் சீட்டில் இருந்திருந்தால் நான் கோடையில் ஒரு சொட்டு நீர் விட்டிருக்க மாட்டேன்.

நுண்ணோக்கி:

மழைத்துளி அண்ணா, உங்கள் நாற்றுகளுக்காக வருந்துகிறேன். நான் தாவரவியல் முதுகலை படிக்கிறேன். சேர்த்ததற்கான காரணத்தைச் சொல்ல முயல்கிறேன். பிறகு நீங்கள் திட்டலாம்.

அமரில்லிஸ் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை ஒரே மூதாதையிடமிருந்து வந்தது. ஆலன் மீரோவும் உடனிருந்தவர்களும் 2000இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில் அந்தக் கிளைக்குள் இரண்டு பெரிய பிரிவுகள் தெரிந்தன. ஒன்று ஆண்டிஸை ஒட்டியது. பெரும்பாலும் 46 குரோமோசோம்கள். நம் பூங்காக்களில் வரிசையாக வைக்கும் சிலந்தி லில்லி, அகன்ற இலையும் வெள்ளைப் பூவுமாக நிழலில் வளரும் அமேசான் லில்லி இரண்டும் அந்தப் பக்கம். மற்றது நாம் பேசிக்கொண்டிருக்கும் ஹிப்பியாஸ்ட்ரம் பக்கம்.

அந்த இரண்டாவது பிரிவுக்குள்தான் சிக்கல். ஹாப்ரான்தஸ் சிற்றினங்கள் எல்லாம் ஒரு கிளையில், செபிராந்தஸ் சிற்றினங்கள் எல்லாம் இன்னொரு கிளையில் என்று வந்திருந்தால் ஹெர்பர்ட்டின் பெயர்களைத் தொட வேண்டிய தேவையே இருந்திருக்காது. ஆனால் அவை ஒன்றுக்குள் ஒன்று கலந்து வந்தன. நிமிர்ந்த பூவும் சாய்ந்த பூவும் ஒரு முறை பிரிந்து அப்படியே நின்றவை அல்ல. வெவ்வேறு கிளைகளில் பல முறை தோன்றியவை. நீங்கள் கண்ணால் காணும் வேறுபாடு பொய் இல்லை, அண்ணா. அது பரம்பரையின் அடையாளம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. உட்கருவின் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தின் மரபணு பெரும்பாலும் தாய் வழி மட்டும். நிக்கோலாஸ் கார்சியா என்ற சிலி நாட்டு ஆய்வாளரும் மீரோவும் மற்றவர்களும் 2014இல் இரண்டையும் வைத்துத் தனித்தனியாக வமிசமரம் வரைந்தார்கள். இரண்டு மரங்களும் ஒத்துப்போகவில்லை. தாய் ஒரு வீடு, தந்தை வேறு வீடு என்ற கதைதான். மிகப் பழைய காலத்திலேயே வெவ்வேறு கிளைகள் கலந்து புதிய வமிசங்கள் பிறந்திருக்கின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். ஹிப்பியாஸ்ட்ரம் தன் 22 குரோமோசோம்களோடு ஓரளவு ஒழுங்காக நிற்கிறது. செபிராந்தஸ் பக்கத்தில் எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குகிறது. மரம் என்று சொல்வதைவிட ஆலமரத்து விழுதுகள் பின்னிக்கொண்டதைப் போல என்று சொல்லலாம். பின்னிய இடத்தில் கத்தி வைத்தால் எங்கே வெட்டினாலும் தவறான வெட்டாகவே விழும்.

2019இல் அதே குழுவினர் வகைப்பாட்டைத் திருத்தினார்கள். ஹிப்பியாஸ்ட்ரம் பக்கத்துக் கூட்டத்தில் மொத்தம் இரண்டு துணைக்குலங்கள், அதாவது உட்பிரிவுகள். ஒன்றில் ஹிப்பியாஸ்ட்ரமும் விரிந்த செபிராந்தஸும். மற்றொன்று டிராபியினே, சிலியிலும் அதை ஒட்டிய அர்ஜென்டினாவிலும் மட்டுமே வாழ்வது. பாளைமலர் ஐயா சொன்ன ஹாமில்டன் டிராபின் பெயரால் அமைந்த டிராபியா என்ற சின்னஞ்சிறு சிலிச் செடியிலிருந்து வந்த பெயர் அது. குழல் போன்ற சிவப்புப் பூக்களை உடைய ஃபைசெல்லாவும் ரோடோலிரியமும் இதில்தான். இந்தத் துணைக்குலத்தில் பழைய கலப்பின் தடயம் இல்லை, மரங்கள் ஒத்துப்போகின்றன. முன்பு ரோடோஃபியாலா என்று ஒரே பெயரில் இருந்தவற்றில் சில இந்தப் பக்கமும், மற்றவை செபிராந்தஸ் பக்கமும் போயின. ஆகவே பழைய ரோடோஃபியாலாவே ஒரு கலவைக் கூடைதான், அண்ணா.

பாளைமலர்:

நுண்ணோக்கி தெளிவாகச் சொன்னீர்கள். எடுத்துக்காட்டாக ஒரு செடியின் கதை. தென் பிரேசிலில் சாண்டா கட்டரினா மாநிலத்தில் புளூமெனாவ் என்ற ஊர் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய புளூமெனாவியா என்ற நிழற்செடி, வெள்ளையில் இளஞ்சிவப்பு வரியோடிய பூ. முதலில் அதைக் கிரிஃபீனியா என்றார்கள். அது நீலப் பூக்களுக்குப் பெயர் போன காட்டுப் பேரினம் (பேரினம் என்பது நெருங்கிய சிற்றினங்களின் கூட்டம்). பிறகு ஹிப்பியாஸ்ட்ரம் என்றார்கள். ரவென்னா 2002இல் எய்தியா என்ற தனி வீடு கட்டிக் கொடுத்தார். இப்போது செபிராந்தஸில் எய்தியா என்ற துணைப்பேரினம். நான்கு வீடு மாறியும் செடி அதே காட்டு நிழலில்தான் நிற்கிறது.

நீலப் பூ என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிரிஃபீனியாவுக்கு நெருங்கிய உறவு வொர்ஸ்லேயா. ரியோ டி ஜெனீரோவுக்கு வடக்கே, பெட்ரோபோலிஸ் பக்கத்து மலைகளில் செங்குத்தான கருங்கல் பாறை இடுக்குகளில் மட்டும் வளர்வது. அரிவாள் போல வளைந்த இலை, அருவியின் சாரல் படும் இடம். பூ ஊதா கலந்த நீலம். பரப்பு இவ்வளவு சிறியதாக இருக்கும் ஒரு செடிக்குக் காட்டுத்தீ ஒன்று போதும்.

மழைத்துளி:

தம்பி நுண்ணோக்கி, பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஹாப்ரான்தஸ் கலந்து கிடக்கிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. வெள்ளை மழை லில்லியான செபிராந்தஸ் கேண்டிடா தென்னமெரிக்காவின் லா பிளாட்டா ஆற்றுப் பக்கத்துச் சதுப்பு நிலப் பூ. தண்ணீரில் நின்றாலும் பிழைக்கும். பாக்னோல்டி சில ஆண்டுகளில் ஒரு துளி மழையும் காணாத பாலை நிலத்துப் பூ. இரண்டுக்கும் ஒரே பேரினப் பெயர் கொடுத்தால் வளர்ப்பவனுக்கு அந்தப் பெயரால் என்ன பயன்? எல்லாவற்றையும் சேர்க்காமல் சின்னச் சின்னப் பேரினங்களாக உடைத்திருக்கலாமே.

நுண்ணோக்கி:

உடைத்தால் கலப்பில் பிறந்தவற்றை எந்தத் துண்டில் வைப்பது, அண்ணா? பல செடிகளுக்கு வீடே இல்லாமல் போகும். பேரினப் பெயர் பரம்பரையைச் சொல்கிறது. நீர் ஊற்றும் முறையை அதனிடம் கேட்க முடியாது. வெங்காயமும் பூண்டும்கூட 2009 முதல் இதே அமரில்லிஸ் குடும்பம்தான். அதற்காக ஒரே பாத்தியில் வளர்ப்பதில்லை அல்லவா? நீங்கள் கேட்கும் செய்தி துணைப்பேரினத்தில் இருக்கிறது. பாக்னோல்டியும் அட்வெனாவும் மயோஸ்டெம்மா என்ற துணைப்பேரினம். சிலியின் குளிர்கால மழைக்குப் பழகிய கூட்டம். மயோஸ்டெம்மா என்று சீட்டில் இருந்திருந்தால் நீங்கள் கோடையில் கை வைத்திருக்க மாட்டீர்கள்.

மழைத்துளி:

அதை எந்த விற்பனையாளரும் எழுதுவதில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். சரி, நாமாவது எழுதுவோம். ஊரையும் சேர்த்து எழுதுவோம். சிலியில் இந்தப் பூவுக்கு 'அஞஞூக்கா' என்று பெயர். சுரங்கம் தேடிப் போன காதலன் திரும்பாமல் உயிர்விட்ட பெண்ணின் பெயர் அது, அவளைப் புதைத்த அன்று மழை பெய்து அந்த இடமெல்லாம் பூத்தது என்று அங்கே கதை சொல்கிறார்கள். 2015இலும் 2017இலும் அட்டகாமாவில் அசாதாரண மழை பெய்தபோது மணலுக்குள் பல வருடம் உறங்கிய கிழங்குகள் எழுந்து பாலைவனம் முழுவதும் பூத்த படங்களைப் பார்த்தேன். என் தொட்டியில் அழுகியது அந்தப் பூவின் குழந்தைகள் என்று நினைத்தால் இன்றும் மனம் கேட்பதில்லை. இந்த முறை விதை கிடைத்தால் மணலும் கல்லும் மட்டும் வைத்து, பங்குனியிலிருந்து ஐப்பசி வரை கூரைக்குக் கீழே தள்ளி வைக்கப் போகிறேன்.

நீலமலை:

அண்ணா, இரவு வெப்பத்தையும் கவனியுங்கள். கோயம்புத்தூர்க் கோடையில் கூரைக்குக் கீழேயும் மண் சூடாகத்தான் இருக்கும். ஊட்டியில் என்னிடம் ஒரு தொட்டியைக் கொடுங்கள். இரண்டு இடத்திலும் வைத்துப் பார்ப்போம்.

கொடைத்தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். சித்திரை மழைக்குப் பிறகு சாய்ந்த பூ ஒன்று காய் பிடித்தது. மூன்று புடைப்புள்ள சின்னக் காய். நேற்று மதியம் வெடித்தது. உள்ளே சீட்டுக்கட்டு அடுக்கியது போல விதைகள். கரித்தாள் துண்டு போலக் கருப்பு, அரைவட்டம், விரலால் தொட்டால் பறக்கிறது. பாளைமலர் ஐயா சொன்னது அப்படியே இருந்தது. முப்பத்தெட்டு எண்ணினேன்.

தகரத்தில் இப்படிப் பொறித்திருக்கிறேன். படிக்கட்டுச் செடிக்கு: 'ஹிப்பியாஸ்ட்ரம் ஜான்சோனி, கலப்பினம், பிரெஸ்காட், 1799 வாக்கில்'. சாய்ந்த மழை லில்லிக்கு: 'செபிராந்தஸ் ரோபஸ்டா, துணைப்பேரினம் ஹாப்ரான்தஸ், தென் பிரேசில், உருகுவாய், அர்ஜென்டினா, கோடை மழை'. தகரம் போதாமல் பின்பக்கமும் எழுத வேண்டியிருந்தது. மழைத்துளி தம்பி, பத்து விதை உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். துணைப்பேரினத்தையும் ஊரையும் உறை மேலேயே எழுதிவிட்டேன்.

மழைத்துளி:

கட்டாயம் அனுப்புங்கள், அக்கா. நான்கை நீரில் மிதக்கவிட்டும், ஆறை மணலிலும் போடுகிறேன். எது முந்துகிறது என்று எழுதுகிறேன்.